மூன்று விநாடி மரணம்

அத்தியாயம் 6

மூன்றாம் எண் சர்வர் ஒன்பது வேலை நாட்களில் எட்டு முறை செத்திருந்தது. எட்டு முறையும் மதியம் பன்னிரண்டரைக்கு மேல், பன்னிரண்டே முக்காலுக்குள்.

"இவ்வளவு ஒழுங்கா, நேரம் தவறாம சாகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. என் மாமனார்கூட மூணு தடவை டாக்டரை ஏமாத்தினார்," என்றேன்.

மேனேஜர் தெங் சிரிக்கவில்லை. ஐம்பது வயது, கனத்த உடம்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். எங்களை வரவழைத்தவர் அவர்தான்.

"பெங் மேடம், உங்க ஆள் எப்பவும் இப்படித்தானா?"

"காலையில இன்னும் மோசம்," என்றார் பெங் அக்கா. "நீங்க சொல்லுங்க."

பெங் அக்காவை முதன்முறையாகப் பார்ப்பவர்கள், எங்கள் ஷின்சூ ஊர்ச் சந்தையில் மீன் உருண்டை விற்கும் அம்மா என்றுதான் நினைப்பார்கள். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் கோளாறுகளைத் துரத்தியவர். ஓய்வு பெற்றதும் மனிதக் கோளாறுகளைத் துரத்த ஆரம்பித்தார். நான் ஆ-ஷுன். நாற்பத்து நாலு வயது, பழைய டாக்சி டிரைவர். அக்காவுக்கு உதவியாளன், காரோட்டி, தேவைப்பட்டால் திட்டு வாங்குபவன்.

"எங்க கம்பெனி நூத்துப் பன்னிரண்டு கோயில்ல பக்தர் பேர் எழுதி ஏத்தற புத்தாண்டு விளக்குக்கு முன்பதிவு செய்யுது," என்றார் தெங். "சின்னக் கோயில்களுக்கு இப்பவே பதிவு ஓடுது, பெரிய கோயில்களுக்கு நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குத் திறக்குது. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு வருஷம். இந்த நேரத்துல தினமும் மத்தியானம் சர்வர் விழுது. போன புதன்கிழமை முந்நூத்து நாற்பது பேருக்கு விளக்கு கிடைச்சுதா இல்லையான்னே தெரியாமப் போச்சு. ஒரு கோயில் தலைவர் போன்ல என் மூணு தலைமுறையையும் விசாரிச்சார்."

"யார் மேல சந்தேகம்?"

தெங் மேஜைமேல் ஒரு தாளை வைத்தார். தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டிய அறிக்கை. 'பொறுப்பானவர்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பக்கத்தில் சிவப்பு மை டப்பா, முத்திரை குத்தத் தயாராக.

"ரெண்டு மணிக்குள்ள இதை அனுப்பியாகணும். பேர் போனா வேலை போகும். எனக்குத் தெரிஞ்சு ஒரே பேர்தான். வெய் ஸு-பிங். சர்வர் எல்லாம் அந்தப் பொண்ணு பொறுப்புதான். ரெண்டு ஆதாரம் இருக்கு. ஒண்ணு, அவ ஏதோ அமைப்பை மாத்தின அன்னையிலேர்ந்துதான் இது நடக்குது. ரெண்டு, போன வியாழக்கிழமை அவ லீவு. அன்னைக்கு மட்டும் சர்வர் சாகலை."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இரண்டாவது ஆதாரம் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

* * *

ஸு-பிங்குக்கு முப்பத்தொரு வயது. கண்ணாடி, கனமான ஸ்வெட்டர், கையில் அரை இனிப்பு போட்ட பால் டீ. அழுது முடித்துவிட்டு முகம் கழுவியிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லும்போது குரல் கம்பி மாதிரி நேராக வந்தது.

"மூணு சர்வர் இருக்கு அக்கா. ஒண்ணும் ரெண்டும் இந்த மெஷின் ரூம்ல. மூணாவது மட்டும் நடைபாதைக் கடைசியில, பழைய ஸ்டோர் ரூம்ல. தீ பிடிச்சா ஒண்ணாவது பிழைக்கட்டும்னு பிரிச்சு வெச்சிருக்கோம்."

"ஒண்ணுக்கொண்ணு பேசிக்குமா?"

"ஒவ்வொரு செகண்டும். 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு ஒரு துடிப்பு அனுப்பிக்கிட்டே இருக்கும். ஒருத்தன்கிட்ட இருந்து துடிப்பு வரலைன்னா மத்த ரெண்டு பேரும் காத்திருப்பாங்க. கெடு முடிஞ்சா, ரெண்டு பேரும் சேர்ந்து 'அவன் செத்துட்டான்'னு முடிவு பண்ணி அவன் கரண்ட்டைக் கட் பண்ணிடுவாங்க."

"செத்தவனுக்கு எதுக்குக் கரண்ட்டைக் கட் பண்ணணும்?" என்றேன். "செத்தவனை மறுபடி சாகடிக்கிறதா?"

"உண்மையிலேயே செத்தானான்னு தெரியாதே அண்ணே. லைன் மட்டும் போயிருக்கலாம். அவன் பாட்டுக்கு உயிரோட இருந்து, ஒரே விளக்கை அங்க ஒருத்தருக்கும் இங்க ஒருத்தருக்கும் பதிஞ்சுட்டா? சந்தேகம் வந்தா அடக்கிடணும். அப்புறம் அவன் வேலையை மத்தவங்க எடுத்துக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம்தான் ஜனங்க மாட்டிக்கிறாங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் எல்லாரும் போனைத் திறந்து விளக்கு பதிவாங்க."

"நீ என்ன மாத்தினே?"

அவள் டீயைக் கீழே வைத்தாள். "கெடு இருபது செகண்டா இருந்துது. 'ஒருத்தன் செத்தா இருபது செகண்டா வேடிக்கை பார்ப்பீங்க'ன்னு மேனேஜர் கத்தினார். மூணு செகண்டா குறைச்சேன். அவ்வளவுதான் அக்கா. மத்தியானம் இந்த ரூமை விட்டு நகராம நான் காவல் இருக்கணும், அதனால எட்டுத் தடவையும் ஒரு மணிக்கு மேல போய்ப் பார்த்துட்டேன். சர்வர்ல ஒரு குறையும் இல்லை. துடிப்புதான் நிக்குது."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவருக்கு அவள் சொன்ன கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது.

"அப்போ இது ரெண்டு வாரமா நடக்குற விஷயம் இல்லை. அதுக்கு முன்னாடியும் துடிப்பு தினமும் நின்னிருக்கலாம். மூணு செகண்டுக்கு மேல, இருபது செகண்டுக்குள்ள. இருபது செகண்ட் பொறுத்த வரைக்கும் யாருக்கும் தெரியலை. நீ கெடுவைக் குறைச்சதும் மாட்டிக்கிச்சு."

ஸு-பிங்கின் கண் விரிந்தது. அடுத்த கணமே சுருங்கியது. "ஆனா நான் லீவு போட்ட அன்னைக்கு மட்டும் ஏன் நிக்கலை?"

"அதுதான் எனக்கும் பிடிச்சிருக்கு," என்றார் அக்கா. "வா, அந்தக் கடைசி ரூமைக் காட்டு."

* * *

ஸ்டோர் ரூமுக்குப் பூட்டு இல்லை. உள்ளே ஒரு அலமாரி, பழைய அட்டைப் பெட்டிகள், சுவர் ஓரமாக மூன்றாம் எண், அதற்கு மேலே இரைந்துகொண்டிருக்கும் ஏசி. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பாயின்ட். அதில் செருகியிருந்த நீளமான வயர், புத்தகம் அளவுள்ள ஒரு சின்னப் பெட்டிக்குப் போனது. பச்சை விளக்குகள் மினுக்கின. மூன்றாம் எண்ணின் துடிப்பு அந்தப் பெட்டி வழியாகத்தான் மற்ற இரண்டுக்கும் போகிறது என்றாள் ஸு-பிங். அலமாரிக்குப் பின்னால் இன்னொரு பிளக் பாயின்ட் சும்மா இருந்தது.

எல்லா வயர்களிலும் குண்டு குண்டான எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. எந்த வயர், எந்தத் துளை, யார் ஒட்டினார், எந்தத் தேதி.

"இதுல ஒண்ணு இடம் மாறினா நீ கண்டுபிடிச்சுடுவேல்ல?" என்றேன்.

"கண்ணை மூடிக்கிட்டே," என்றாள் ஸு-பிங். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சர்வரின் தலைமேல் பச்சைப் பாக்கெட் இருந்தது. அது இல்லாமல் எங்கள் தீவில் எந்த மெஷினும் ஓடாது. தேங்காய்ப் பால் மணக்கும் சோளப் பொரி. பெயருக்கே 'சமர்த்தாக இரு' என்றுதான் பொருள். ஓடுகிற மெஷினின் விளக்குபோலப் பச்சையாக இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது. மஞ்சள் பாக்கெட் வைத்த ஒரு வங்கிக்காரன் பட்ட பாட்டை எங்கள் ஊரில் இன்னும் சொல்வார்கள்.

"தேதி சரியா இருக்கு," என்றேன். "அப்போ குற்றவாளி பாக்கெட் இல்லை."

"தேதியைப் பார்த்தே. திசையைப் பார்க்கலையே," என்றார் அக்கா.

பாக்கெட் சுவரைப் பார்த்தபடி திரும்பியிருந்தது.

"நான் திங்கட்கிழமை புதுசா வெச்சேன்," என்றாள் ஸு-பிங் மெதுவாக. "முன்பக்கம் பார்த்துத்தான் வெச்சேன். யாராவது அதைத் திருப்பி வைப்பாங்களா? நான் கும்பிட்டு வேற வெச்சிருந்தேன்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம்.

"ஸு-பிங், இன்னைக்கு ஒரு நாள் அதுங்களைக் கொலை பண்ண விடாம வைக்க முடியுமா? துடிப்பு நின்னா எழுதி மட்டும் வைக்கட்டும். யாரையும் அடக்க வேண்டாம்."

"கெடுவை ஒரு நிமிஷமா ஏத்திட்டு, தவறின துடிப்பை எல்லாம் பதியச் சொல்லலாம். ஆனா மேனேஜர்கிட்ட..."

"மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன், அப்புறமா. ஆ-ஷுன், நீ நடைபாதையில உட்காரு. இந்தக் கதவு மேல கண்ணை வை. யார் உள்ள போறாங்கன்னு மட்டும் எனக்குச் சொன்னா போதும்."

"அக்கா, இது எனக்குச் சோறு திங்கிற மாதிரி," என்றேன்.

அதுதான் தப்பாகப் போயிற்று. முதலில் சோறு வந்தது.

* * *

கோழிக்கால் டப்பா சாப்பாடு. கூடவே ஊறவைத்த முள்ளங்கி, பாதி முட்டை, சூடான சூப். நடைபாதையில் நாற்காலி போட்டு, ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து, ஸ்டோர் ரூம் கதவைப் புலிமாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே ஷின்சூக் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது.

சரியாகப் பன்னிரண்டரைக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி மதியத் தூக்கத்துக்காக விளக்கெல்லாம் அணைந்தது. ஆபீஸ் முழுக்கப் பதினெட்டுப் பேரும் மேஜைமேல் தலையணையைப் போட்டுக் கவிழ்ந்தார்கள். ஒரு இருமல், ஒரு நாற்காலி கிறீச்சிடும் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. முதல் வகுப்பிலிருந்து நாற்பது வருடமாக இந்த நேரத்துக்கு என்னைத் தூங்கவைத்துப் பழக்கியிருக்கிறார்கள். நான் என்ன செய்வேன்?

விளக்கு எரிந்தபோது மணி ஒன்று. எதிரே அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"யார் போனாங்க?"

"ஒரு ஈ கூடப் போகலை அக்கா. கண்ணைச் சிமிட்டலை."

"அப்படியா," என்றார் அக்கா. "உன் இடது கன்னத்துல ஜாக்கெட் ஜிப்போட பல்லு வரிசையா பதிஞ்சிருக்கு. எண்ணிச் சொல்லட்டுமா?"

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். தண்டவாளம்.

நல்ல திட்டாக வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அக்கா என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, ஆபீஸில் எழுந்து சோம்பல் முறிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கணக்குப் பிரிவு அம்மாவின் வலது கன்னத்தில் தலையணை மடிப்பு. வரவேற்பில் இருக்கும் பையனின் நெற்றியில் கைக்கடிகாரத்தின் அச்சு. எல்லோருக்கும் ஏதாவது ஒரு பக்கம்.

"நீ தூங்கினதும் நல்லதாத்தான் போச்சு," என்றார் அக்கா. பதினோரு வருடத்தில் என்னை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பாராட்டு எதற்கென்று தெரியாமலே வாங்கிக்கொண்டேன்.

ஸு-பிங் தாளோடு ஓடி வந்தாள். "அக்கா! துடிப்பு நின்னுது. பன்னிரண்டு முப்பத்து மூணுக்கு எட்டு செகண்ட். அப்புறம் தானா வந்துடுச்சு. ஆனா இதைப் பாருங்க. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு மறுபடியும்! ஒன்பது செகண்ட். ரெண்டாவது தடவையை இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லை."

"எப்படிப் பார்ப்பே? முதல் தடவையிலயே அதை அடக்கிட்டீங்க. செத்தவனுக்கு ரெண்டாவது தடவை துடிப்பு நிக்குமா?" அக்கா தாளை மடித்தார். "யாரோ ஒருத்தர் எதையோ எடுக்கிறார். இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு எடுத்த இடத்துலயே வைக்கிறார். கெடுதல் செய்ய வந்தவன் திருப்பி வைக்க மாட்டான். வா, மேனேஜரைப் பார்க்கலாம்."

* * *

மேனேஜர் தெங் மீட்டிங் ரூமில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். காலையில் பார்த்ததைவிட முகம் தெளிவாக இருந்தது.

"பேர் கிடைச்சுதா மேடம்?"

"கிடைச்சுது. ஒரு சின்னக் கேள்வி. மத்தியானம் நல்லாத் தூங்கினீங்களா?"

"நான் தூங்கறதில்லை. அந்த நேரத்துலதான் அறிக்கை எல்லாம் படிப்பேன். இங்க எல்லாருக்கும் தெரியும்."

"சரி. போன வியாழக்கிழமை ஸு-பிங் லீவு. மத்தியானம் அவ மெஷின் ரூம்ல காவல் உட்காரணும் இல்லையா? அன்னைக்கு அவளுக்குப் பதிலா யார் உட்கார்ந்தது?"

தெங் பேனாவை மூடினார்.

"நான்தான்," என்றார்.

"ஒரு மணி வரைக்கும் நகராம?"

"ஆமா."

"அதனாலதான் அன்னைக்கு சர்வர் சாகலை," என்றார் பெங் அக்கா. "அவ இல்லாததால இல்லை. நீங்க ஸ்டோர் ரூமுக்குப் போக முடியாததால."

ஸு-பிங் சட்டென்று நிமிர்ந்தாள். நான் நிமிர்ந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"என்ன பேசறீங்க! உங்களைக் கூப்பிட்டதே நான்!"

"அதுதான் எனக்கும் ஆச்சரியம். கன்னத்தைத் தொட்டுப் பாருங்க. இந்த ஆபீஸ்ல மத்தியானம் எழுந்திருக்கிற எல்லாருக்கும் ஒரு பக்கம்தான் கோடு விழுந்திருக்கு. கவிழ்ந்து தூங்கினா அப்படித்தான் விழும். உங்களுக்கு ரெண்டு கன்னத்துலயும், ஒரே அகலத்துல, காது வரைக்கும். பட்டை வெச்சு எதையோ முகத்துல கட்டியிருக்கீங்க."

தெங்கின் இரண்டு கைகளும் அவரைக் கேட்காமலே கன்னங்களுக்குப் போயின.

பிறகு அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"எனக்குத் தூக்கத்துல மூச்சு நின்னுடும்," என்றார். குரல் எனக்கே கேட்கவில்லை, முன்னால் குனிந்தேன். "டாக்டர் ஒரு மெஷின் கொடுத்திருக்கார். முகமூடி, குழாய். எப்பத் தூங்கினாலும் மாட்டணும்னு சொல்லிட்டார். அது இல்லாம இங்க மேஜையில ஒரு தடவை தூங்கினேன். குறட்டையை யாரோ போன்ல பிடிச்சு வருஷக் கடைசி விருந்துல போட்டாங்க. பதினெட்டுப் பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தக் கடைசி வார்த்தையோடு போய்விட்டது.

"அதனால ஸ்டோர் ரூம்," என்றார் அக்கா.

"அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால மடக்குக் கட்டில் ஒளிச்சு வெச்சிருக்கேன், கதவுகிட்டதான் விரிக்க இடம். ஏசி இரைச்சல்ல ஒரு சத்தமும் வெளிய போகாது. என் மெஷினுக்கு வயர் நீளம் போதாது, கதவுகிட்ட இருக்கிற பிளக்தான் எட்டும். அங்க ஏதோ ஒரு சின்னப் பெட்டி செருகியிருந்துது. அதைப் பிடுங்கி அலமாரிக்குப் பின்னால செருகிடுவேன். உடனே விளக்கு எரிஞ்சுடும். ஒண்ணும் ஆகலைன்னுதான் நினைச்சேன். மூணு மாசமா ஒண்ணும் ஆகலையே! எழுந்ததும் எங்க இருந்துதோ அங்கயே திருப்பி வெச்சிடுவேன். ஸு-பிங் சீட்டு ஒட்டி வெச்சிருக்கா, இடம் மாறினா கண்டுபிடிச்சுடுவா."

"அதைப் பின்னாலயே விட்டிருந்தா ஒன்பது செகண்ட் மிச்சம்," என்றேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"பாக்கெட்டை ஏன் திருப்பினீங்க?" ஸு-பிங் கேட்டாள். அவளுக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது போல.

தெங் தலையைக் குனிந்துகொண்டார். "அது என்னையே பார்க்கிற மாதிரி இருந்துது."

நான் இருமினேன். சிரிப்பை மறைக்க எனக்கு வேறு வழி தெரியாது.

அக்கா மேஜைமேல் இருந்த அறிக்கையை அவர் பக்கம் தள்ளினார். "மேனேஜர், அந்த மெஷினுக்கும் உங்களுக்கும் ஒரே வியாதி. ஒரு பக்கம் சத்தம் இல்லைன்னா உடனே தீர்ப்பு எழுதிடறீங்க. அது மூணு செகண்ட்ல எழுதுது, நீங்க ரெண்டு ஆதாரத்துல எழுதுறீங்க. 'ஏன் சத்தம் வரலை'ன்னு இந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பது. தெங் சட்டைப் பையிலிருந்து தன் முத்திரையை எடுத்தார். காலியாக இருந்த கட்டத்தில் தன் பெயரை எழுதினார். எழுத்து தெளிவாக விழுந்தது. சிவப்பு மையில் தோய்த்து முத்திரையை அழுத்தப் போனார்.

"இருங்க சார்," என்றாள் ஸு-பிங்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு செகண்ட்னு வெச்சது நான். லைன்ல எவ்வளவு நேரம் இயல்பாவே சத்தம் இல்லாமப் போகும்னு நான் அளந்து பார்க்கலை. நீங்க கத்தினீங்க, நான் குறைச்சுட்டேன். பாதி தப்பு என்னுது. அதையும் எழுதுங்க."

"பைத்தியமா உனக்கு? இப்பதான் தப்பிச்சே!" என்றேன்.

"தப்பிக்கலை அண்ணே. நாளைக்குப் பதிவு திறக்குது, சரியான எண் இன்னும் எனக்குத் தெரியலை." அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மெஷின் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? மூச்சு நின்னுடுச்சுன்னு எப்ப கணக்கு எடுக்கும்?"

தெங் குழம்பினார். யோசித்தார். "பத்து செகண்ட். டாக்டர் சொன்னார். அதுக்குள்ள வந்துட்டா அது மூச்சுத்தான், பயப்பட வேண்டாம்னு. பத்தைத் தாண்டினாத்தான் எழுதி வைக்கும்."

"எட்டும் ஒன்பதும் அதுக்குள்ள அடங்கிடும்," என்றாள் ஸு-பிங். "அப்போ நானும் பத்து வைக்கிறேன். நிஜமா செத்தாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு மேல பத்து செகண்ட்தான் ஜனங்க கூடுதலா காத்திருப்பாங்க. இருபதுக்கு அது பாதி."

அறிக்கையில் இரண்டு பெயர்கள் போயின. காரணம் என்ற கட்டத்தில், 'பிளக் மாற்றம், அவசரக் கெடு' என்று மட்டும் எழுதச் சொன்னார் அக்கா. முகமூடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்று ஐம்பத்தெட்டுக்கு அது தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தது. இரண்டே காலுக்குப் பதில் வந்தது: நாளைக்கு ஒழுங்காக ஓடினால் இருவருக்கும் எச்சரிக்கையோடு சரி.

நாங்கள் கிளம்பும்போது ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். ஸு-பிங் தரையில் உட்கார்ந்து புதிதாக ஒரு நீள வயரைச் சுவரோரமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அதன் நுனி, மடக்குக் கட்டிலின் தலைமாட்டில் முடிந்தது. அதிலும் குண்டு எழுத்தில் சீட்டு: 'தெங் சார் மூச்சு. பிடுங்கக் கூடாது.' பச்சைப் பாக்கெட் மறுபடி முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது.

காரில் ஏறியதும் நான் மெல்ல ஆரம்பித்தேன். "அக்கா, எல்லாரும் எல்லாரையும் மன்னிச்சிட்டாங்க. இந்த நல்ல நேரத்துல, நான் காவல்ல கொஞ்சம் கண் அசந்ததையும்..."

"பத்து செகண்ட் வரைக்கும் மன்னிக்கலாம் ஆ-ஷுன்," என்றார் பெங் அக்கா, சீட் பெல்ட்டை மாட்டியபடி. "நீ இருபத்தொன்பது நிமிஷம் செத்திருந்தே. வண்டியை எடு."